மாண்டலேக்குப் போவதா, அனுப்புவதா, பொறுத்திருப்பதா?

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மதியம் 12.50-க்கு மியான்மரில், மாண்டலேக்கு அருகே சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் குலுங்கியது. கொஞ்ச நேரத்திலேயே இன்னொரு பெரிய அதிர்வு. சாயங்காலத்துக்குள் யாங்கோனில் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குள்ளே ஒரே பேச்சுதான்: "அண்ணே, எப்போ கிளம்புறோம்?" கோயில் தொண்டர்கள், பள்ளிவாசல் இளைஞர்கள், மாதா கோவில் பசங்கள் என்று எல்லா இடத்திலும் இதே துடிப்பு. போக வேண்டுமா என்று கேட்டவர்கள் குறைவு. எந்த வண்டி, யார் யார் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

அந்தத் துடிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு இளைஞர் குழுவுக்கு முன்னால் இருந்த வழி அது ஒன்றுதானா? பொருள் திரட்டி அனுப்பலாம். பணம் அனுப்பலாம். முதல் கூட்டம் கலைந்த பிறகு, மழைக்காலத்தில் ஆளாகப் போய் நிற்கலாம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் மாதம் பணம், மழைக்காலத்தில் ஆள். இதற்கு விலக்குகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

முதலில் நேரே போவதைப் பார்ப்போம், எல்லாருக்கும் பிடித்தது அதுதானே. யாங்கோனிலிருந்து மாண்டலே அறுநூறு கிலோமீட்டர் சொச்சம். நல்ல நாளில் எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் எட்டு, ஒன்பது மணி நேரம். நிலநடுக்கத்தில் விரைவுச்சாலை பல இடத்தில் பிளந்து, பாலங்கள் பழுதாகி, வண்டிகள் பழைய ரோட்டில் மெய்க்திலா வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பயணம் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரத்தைத் தாண்டியது. மாண்டலேயைத் தாண்டி சகாயிங் போக வேண்டுமென்றால் ஐராவதி ஆற்றைக் கடக்க வேண்டும். 1934-இல் கட்டிய பழைய ஆவா பாலம் ஆற்றுக்குள் விழுந்து கிடந்தது. பக்கத்தில் இருக்கும் புதுப் பாலம் ஒன்றுதான் வழி.

போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாத மாண்டலே வெயில் நாற்பது டிகிரிக்கு மேல். அதில் கல்லும் கம்பியும் தூக்குகிற ஒருவனுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஊர்க்காரர்களே வீட்டுக்குள் போகப் பயந்து, தெருவில் பாய் விரித்துப் படுத்திருந்த நேரம் அது. பத்துப் பேர் வண்டியிலிருந்து இறங்கினால் தண்ணீர், சாப்பாடு, கழிவறை, படுக்க இடம் என்று பத்துப் பேருக்கான தேவையும் சேர்ந்தே இறங்குகிறது. அதை எல்லாம் நாமே கொண்டுபோனோமா, அல்லது பாதிக்கப்பட்டவர்களின் பங்கிலிருந்து எடுத்தோமா என்பதுதான் போனவர்களைப் பார்த்து நான் கேட்கும் முதல் கேள்வி.

அப்புறம் வேலை. இடிபாட்டுக்குள் உயிரோடு இருப்பவர்களை மீட்பதில் முதல் மூன்று நாள்தான் முக்கியம். அந்த மூன்று நாளும் மாண்டலே பிள்ளைகளே வெறுங்கையால் தோண்டினார்கள். பெரிய இயந்திரங்கள் போதவில்லை. ஸ்கை வில்லா போன்ற அடுக்குமாடி இடிபாட்டில் கான்கிரீட் பலகையை வெட்டித் தூக்கத் தெரிந்தவர்கள் பயிற்சி பெற்ற மீட்புப் படைகள். நாம் வெள்ளி இரவே முடிவெடுத்து, சனிக்கிழமை பொருள் வாங்கி, ஞாயிறு புறப்பட்டு, திங்கள் போய் இறங்கினால் அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்திருக்கும். பிறகு வருவது பிணம் எடுக்கிற வேலை, இடிபாடு அகற்றுகிற வேலை. பின்னதிர்வுகள் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். விரிசல் விட்ட சுவருக்குக் கீழே ரப்பர் செருப்போடு நிற்பதை வீரம் என்று சொல்ல மாட்டேன். பூட்ஸ், தோல் கையுறை, நல்ல முகக்கவசம், டெட்டனஸ் ஊசி: இந்த நான்கும் இல்லாதவனை வண்டியில் ஏற்றக்கூடாது.

இதெல்லாம் எந்த நாட்டுக்கும் பொருந்தும். நம் ஊருக்கே உரிய கணக்கு வேறு ஒன்று இருக்கிறது. கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை 2024 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களில் 18 முதல் 35 வயது வரை, பெண்களில் 18 முதல் 27 வரை. தொண்டுக்குப் போகத் துடிக்கிற வயது எதுவோ, அந்தச் சட்டம் தேடுகிற வயதும் அதுதான். யாங்கோனிலிருந்து மாண்டலே வரை செக்போஸ்ட்கள் உண்டு. அங்கே முதலில் கேட்பது அடையாள அட்டை. நம் பிள்ளைகள் எல்லாரிடமும் முழுக் குடியுரிமைக்கான ரோஜா நிற அட்டை இருக்கிறதா? 1982 குடியுரிமைச் சட்டத்தின் கீழ் முழுக் குடியுரிமை இல்லாத நீல, பச்சை அட்டைகளை வைத்திருக்கிற குடும்பங்கள் நம்மில் எத்தனை, இன்னும் எதுவுமே கைக்கு வராதவர்கள் எத்தனை என்று நம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ரோஜா அட்டைக்காரன் தாண்டிப் போகிற இடத்தில் மற்றவன் அரை மணி நேரம் நிற்க வேண்டிவரும். அவனுக்காக வண்டியே நிற்கும்.

இன்னொன்று, இரவு தங்குவது. சொந்தக்காரர் வீடு என்றாலும் வெளியூர் விருந்தாளியை வார்டு அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்கிற விதி இருக்கிறது. சுவர் இடிந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தை, நமக்காக அந்த அலுவலகத்துக்கு அலைய வைப்பதா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் சகாயிங் வட்டாரம் போர் நடக்கும் பகுதி. நிலநடுக்கத்துக்குப் பிறகு இராணுவம், எதிர்ப்புப் படைகள் என்று இரு தரப்பும் தற்காலிகச் சண்டை நிறுத்தம் அறிவித்தும் தாக்குதல் முழுதாக நிற்கவில்லை. தாய் தகப்பனிடம் இதையெல்லாம் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிப் போகிற குழுத் தலைவரை எனக்குப் பிடிக்காது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இங்கே பெரியவர்கள் ஒரு குறுக்குக் கேள்வி போடுவார்கள்: "நர்கிஸ் அப்போ நாங்க போகலையா?" போனார்கள். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அரசாங்கம் வெளிநாட்டு உதவியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. யாங்கோன் மக்கள் சொந்த வண்டியில் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு ஐராவதி டெல்டாவுக்குப் போனார்கள். அது அன்றைக்குச் சரியான முடிவு. டெல்டா யாங்கோனுக்குப் பக்கம், சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம். அங்கே கிராமம் கிராமமாக அழிந்து கிடந்ததால், பணம் கொடுத்தாலும் வாங்குவதற்குக் கடை இல்லை. ஆளும் பொருளும் சேர்ந்து போனால்தான் சோறு. அப்படியும் அதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு: நிவாரண வேலையில் முன்னால் நின்ற நகைச்சுவைக் கலைஞர் ஸர்கனாரைப் பிடித்து நீண்ட சிறைத் தண்டனை கொடுத்தார்கள். 2011-இல்தான் வெளியே வந்தார்.

மாண்டலே டெல்டா அல்ல. நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். சீன எல்லையிலிருந்து சரக்கு வந்து இறங்கும் வியாபார ஊர். அங்கே பல வருடமாக வேரூன்றிய பரஹித சங்கங்கள், அதாவது பொதுத்தொண்டுச் சங்கங்கள், இருக்கின்றன. இலவசமாகப் பிணம் எடுத்து அடக்கம் செய்பவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள், ரத்ததானம் செய்கிறவர்கள். எந்தத் தெருவில் எந்தக் கிழவிக்கு யாரும் இல்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியுமா? அவர்களிடம் தட்டுப்பாடாக இருந்தது டீசல், பிண உறை, முகக்கவசம், தார்ப்பாய், இவற்றை வாங்கப் பணம். கையும் காலும் அல்ல.

சரி, பொருள் அனுப்புவது. இது கோயில் மண்டபத்துக்கு மிகவும் பழக்கமான வேலை. அன்னதானத்துக்கு அண்டா இறக்குகிற அதே பிள்ளைகள், அதே வரிசை, அதே கணக்கு நோட்டு. அதனால் தானாகவே சாப்பாட்டுப் பக்கம் மனம் போகிறது. ஆனால் மாலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் பதின்மூன்று மணி நேரம் மூடிய லாரியில், அந்த வெயிலில் போனால் திறக்கும்போதே புளித்த வாடை அடிக்கும். சாம்பார் ஊற்றியதானால் கேட்கவே வேண்டாம். அனுப்புவதானால் அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய், சமைத்துத் தரக் கூடிய ஒரு இடத்தின் முகவரி. சோறு கூடாது.

பழைய துணியும் கூடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் மூட்டை வந்துகொண்டேதான் இருக்கும். பீரோவைக் காலி செய்ய ஒரு நிலநடுக்கம் கிடைத்தது என்று சிலர் நினைக்கிறார்கள் போல. பட்டுப் பாவாடையும் பொத்தான் போன சட்டையும் மாண்டலே ரோட்டோரத்தில் குவிந்தால், அவற்றைப் பிரிக்க அங்கே நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் வேறு வேலையை விட்டு வர வேண்டும்.

பொருள் வழி எப்போது வெல்கிறது? அங்கே கிடைக்காததை, அல்லது விலை ஏறிவிட்டதை, இங்கே மொத்த விலைக்கு வாங்கி ஒரே மாதிரியாக அனுப்பும்போது. தெருவில் படுத்தவர்களுக்குக் கொசுவலை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே காற்றும் மழையும் வந்துவிட்டதால் தார்ப்பாய். கரண்ட் இல்லாத இரவுக்கு சோலார் விளக்கு. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பெண்களுக்கு நாப்கின், இதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து போடுகிற பட்டியலில் காண மாட்டீர்கள், அதனாலேயே பட்டியல் போடும்போது நம் பெண் பிள்ளைகள் உட்கார வேண்டும். ஒரு லாரியில் பத்துச் சாமான் கலந்து போவதைவிட நான்கு சாமான் எண்ணிக்கையோடு போவது நல்லது. வாங்குபவருக்குப் பங்கிடச் சுலபம், வழியில் கேட்கிறவர்களுக்குச் சீட்டைக் காட்டவும் சுலபம்.

எல்லா லாரியும் மாண்டலேயை நோக்கியே போனதுதான் எனக்கு உறுத்தல். நிலம் நானூறு கிலோமீட்டருக்கு மேல் கிழிந்திருக்கிறது. பியாப்வே, யமேத்தின், தாஸி, நேபிடோ சுற்றுவட்டாரம் எல்லாம் அந்தக் கோட்டில் வருகின்றன. இன்லே ஏரியில் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றிக் கட்டிய வீடுகள் சரிந்தன. படம் எடுக்கப் பெரிய கட்டடம் இல்லாத சிற்றூர்கள் இவை. இன்லேயை விட்டால், நம் லாரி இவற்றின் பக்கமாகத்தான் மாண்டலே போகிறது. பாதி வழியில் இறக்கினால் டீசலும் மிச்சம், போட்டியும் குறைவு.

பணம். இதில் இளைஞர்களுக்கு ஒரு ஏமாற்றம் இருக்கிறது, அதை நான் புரிந்துகொள்கிறேன். போனில் நாலு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. வேர்வையும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சங்கத்துக்கு முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்த பத்து லட்சம் சாட், அன்றைக்கு அவர்களுக்கு எது தேவையோ அதுவாக மாறும். திங்கள்கிழமை தண்ணீர், புதன்கிழமை டீசல், வெள்ளிக்கிழமை தார்ப்பாய். நாம் யாங்கோனில் உட்கார்ந்து போட்ட பட்டியலுக்கு அந்த நெளிவு கிடையாது. பணம் அங்கேயே செலவானால் அடிபட்ட கடைக்காரருக்கும் ஒரு வியாபாரம்.

பணத்துக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. முதல் சில நாள் மாண்டலேயில் மின்சாரமும் இல்லை, நெட்டும் ஒழுங்காக இல்லை. போன் பணம் போன் பணமாகவே நின்றது. ரொக்கமாக எடுக்க ஏஜெண்டிடம் கமிஷன். திடீரென்று பல பேரிடமிருந்து ஒரே கணக்கில் பணம் குவிந்தால் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. மோசடியும் உண்டு: யாரோ எடுத்த படத்தைப் போட்டு, தன் நம்பரைக் கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள். அதனால் நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்த சங்கமா, நமக்குத் தெரிந்த ஒருவர் அவர்களை நேரில் பார்த்திருக்கிறாரா, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் சொந்தங்கள் கேட்டால் காட்டக் கணக்கு இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கணக்கு எழுதுவது இளைஞர் வேலைதான். வாங்கியது, அனுப்பியது, ரசீது, அவ்வளவு. கணினியில் படிப்பு முடித்துவிட்டுச் செங்கல் தூக்கத்தான் போவேன் என்று அடம்பிடிக்கிற தம்பிக்கு இதைவிட அவசியமான வேலை முதல் வாரத்தில் இல்லை.

இப்போது நான் சொன்ன விலக்குகள். சொந்தம் அங்கே இருந்தால் போக வேண்டியதுதான், அதற்குக் கூட்டம் போட்டுப் பேசத் தேவையில்லை. அன்று ரமலானின் கடைசி வெள்ளி. ஜும்மா தொழுகைக்குக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் பழைய பள்ளிவாசல்கள் இடிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பெருநாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். மாண்டலேயில் உறவு உள்ள தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையிடம் போய் "பொறு தம்பி, பணம் அனுப்பு" என்று யார் சொல்வது? அவனுக்கு அங்கே வீடு தெரியும், ஆள் தெரியும், குளிப்பாட்டி அடக்கம் செய்யக் கை வேண்டும்.

அடுத்தது கைத்தொழில் தெரிந்தவர்கள். நர்ஸ், எலக்ட்ரீஷியன், கொத்தனார், லாரி டிரைவர், ஜெனரேட்டர் மெக்கானிக். முப்பது பேர் கொண்ட குழுவில் இப்படி நாலு பேர் இருந்தால் அந்த நாலு பேர் மட்டும் போகட்டும். மற்ற இருபத்தாறு பேரின் பஸ் கட்டணம் அவர்கள் கையில் மருந்தாகப் போகட்டும். மொழியையும் ஒரு தொழிலாகச் சேர்த்துக்கொள்வேன். ஆபரேஷன் பிரம்மா என்று இந்தியா அனுப்பிய உதவியில் மாண்டலேயில் இராணுவக் கள மருத்துவமனையும் இருந்தது. அந்த மாதிரி இடத்தில் வலி எங்கே என்று பர்மியப் பாட்டி சொல்வதை டாக்டருக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பர்மிய மொழி தண்ணீர்பட்ட பாடாக, வீட்டில் தமிழ், கொஞ்சம் இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் என்று இருக்கிற நம் பெண் பிள்ளைகளைப்போல வேறு யார் உண்டு?

நான்காவது வழிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த வழி. முதல் இரண்டு வாரம் நாடே மாண்டலேக்குப் போகிறது. பிறகு ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா. வங்கியும் கடையும் அடைப்பு, நமக்கும் சித்திரை வருடப்பிறப்பு. அது முடிந்ததும் பாதிப் பேர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், வெளிநாட்டுப் படைகளும் கிளம்பிவிடும், செய்தியில் வேறு தலைப்பு வந்துவிடும். மே கடைசியில் மழை. தார்ப்பாய்க்குக் கீழே இன்னமும் குடும்பங்கள்.

அப்போது இருக்கிற வேலை இளைஞர்களுக்கே அளந்து தைத்தது மாதிரி. கழிவறைக் குழி வெட்டுவது, மூங்கில் கட்டி மறைப்பது: உலகத் தொண்டு அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு இருபது பேருக்கு ஒரு கழிவறை என்று கணக்கு சொல்கிறது; தெருவோரக் கொட்டகைகளில் அது எட்டாத தூரம். கூரைத் தகரம் மாற்றுவது. உடைந்த சுவரிலிருந்து நல்ல செங்கல்லைப் பொறுக்கி, ஒட்டியிருக்கிற காரையைத் தட்டி எடுத்து அடுக்குவது. உட்கார்ந்து செய்கிற வேலை, நாள் முழுவதும் செய்தாலும் ஒரு சிறு குவியல்தான், ஆனால் வீட்டுக்காரருக்கு அது காசு. பள்ளிக்கூடம் இடிந்த பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பாடம். அடையாள அட்டையும் வீட்டு உறுப்பினர் பட்டியலும் இடிபாட்டில் போனவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. அந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் நம்மைவிட யார் இருக்கிறார்கள்?

இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது: ஆள் மிஞ்ச மாட்டார்கள். மார்ச்சில் முப்பது பேர் பெயர் கொடுத்தால் ஜூலையில் எட்டுப் பேர் வந்தாலே அதிகம். பரீட்சை, வேலை, அம்மாவின் பயம், வெளிநாட்டுக்குப் போகிற ஏற்பாடு. செக்போஸ்ட்டும் இராணுவச் சட்டமும் ஜூலையில் மறைந்துவிடவும் இல்லை. ஆனாலும் சூடு ஆறிய பிறகு, அங்கிருக்கும் சங்கத்திடம் கேட்டு, வயது, அட்டை, தங்குமிடம் எல்லாம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்க நேரம் கிடைக்கிறது. எட்டுப் பேர் ஒரு வாரம் ஒரே தெருவில் வேலை செய்தால் அந்தத் தெரு மாறும்.

ஆகவே ஒரு குழு என்னிடம் வந்து கேட்டால் நான் கேட்பது: உங்களை வரச் சொன்னவர் அங்கே யார்? பெயரும் போன் நம்பரும் இருந்தால் அவர் என்ன கேட்டாரோ அதைச் செய்யுங்கள். ஆள் கேட்டால் ஆள், ஆணி கேட்டால் ஆணி. யாரும் கேட்கவில்லை, நாங்களே போகிறோம் என்றால் பணத்தை அனுப்பிவிட்டு அந்தப் பெயரைத் தேடத் தொடங்குங்கள். கையில் இருக்கிற தொகையை முழுதும் முதல் வாரத்தில் செலவழிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு மழைக்கு என்று எடுத்துவையுங்கள், உண்டியல் காசைப்போல யார் கேட்டாலும் திறக்காமல்.

இதை மாண்டலே விஷயமாக மட்டும் நான் பார்க்கவில்லை. இந்த நிலநடுக்கத்தை உண்டாக்கிய சகாயிங் நிலப்பிளவு வடக்கிலிருந்து தெற்கே கடல் வரைக்கும் ஓடுகிறது, யாங்கோனுக்குப் பக்கத்து ஊரான பெகுவை ஒட்டி. 1930 மே 5-இல் அந்தத் தெற்குத் துண்டு அசைந்தபோது பெகுவில் ஐந்நூறு பேர் அளவுக்கு இறந்தார்கள், ஷ்வேமாடோ பகோடா சரிந்தது, அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனிலும் உயிர்ப்பலி. அன்றைய ரங்கூனில் தெருவுக்குத் தெரு நம் ஆட்கள். அந்தத் துண்டு மறுபடி ஆடினால் முதல் மூன்று நாளும் தோண்டுகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம். மாண்டலேக்காரர்கள் நமக்குப் பணம் அனுப்பலாமா, ஆளாக வரலாமா என்று அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். அதற்கு இப்போதே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது: மண்டபக் கொட்டகையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நாலு கடப்பாரை, இரண்டு ஜாக்கி, இரும்பு வெட்டும் கருவி, பூட்ஸ், கயிறு, வருடத்துக்கு ஒரு முறை முதலுதவிப் பயிற்சி, தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல், நம்மைத் தேடி வருபவர் எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும் என்று கோயில், பள்ளிவாசல், மாதா கோவில் மூன்றும் சேர்ந்து முடிவு செய்த இரண்டு பெயர்கள்.